எவ்வளவு என்று கேட்டவர்

எங்கள் தோட்டத்து டிரஸ்ஸர் ஒரு கிளாஸ் தேநீரை முழுதாகக் குடித்து யாரும் பார்த்ததில்லை. பாதியில் நிறுத்திவிடுவார். மீதியை ஒட்டுக்கடை மேசையிலேயே வைத்துவிட்டு, கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டு எழுந்துபோவார். "அப்ப அரை கிளாஸே போட்டுத் தரவா ஐயா?" என்று கடைக்காரர் ஒருநாள் கேட்டிருக்கிறார். "வேணாம். எவ்வளவு போதும்னு நான்தான் முடிவு பண்ணணும்" என்றாராம். இதைக் கடைக்காரர் தோட்டம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

அந்த ரப்பர் தோட்டம் கோப்பெங் ஊரைத் தாண்டி, பழைய ஈயச் சுரங்கங்களின் வெள்ளை மணல்மேடுகளுக்குப் பின்னால் இருந்தது. அதற்கு ஓர் ஆஸ்பத்திரி இருந்தது என்றால் கேட்பவர்கள் பெரிதாக நினைத்துக்கொள்வார்கள். இரண்டு கட்டில், ஒரு மருந்து அலமாரி, ஒரு மேசை, வாசலில் ஒரு நீளப் பலகை. டாக்டர், நர்ஸ், கம்பவுண்டர் எல்லாம் அவர் ஒருவர்தான். மெலிந்த உடம்பு, வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. சைக்கிள் சங்கிலியில் மாட்டாமல் இருக்கக் கால்சட்டை நுனியை ஒரு கிளிப்பால் இறுக்கியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே சைக்கிளில் கோப்பெங் தேவாலயத்துக்குப் போவார். மனைவியும் பிள்ளைகளும் தைப்பிங்கில் இருந்தார்கள். எங்களோடு தமிழிலும் தன்னோடு ஆங்கிலத்திலும் பேசிக்கொள்வார்.

மருந்து பாட்டிலில் காகிதத்தை வெட்டி அளவு ஒட்டித் தருவார். அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு சொட்டு குடித்தாலும் கண்டுபிடித்துவிடுவார் என்று பெண்கள் பயந்தார்கள். அவருடைய முதல் கேள்வி என்ன நோவு என்பது அல்ல. எவ்வளவு என்பதுதான்.

"வயித்து வலி ஐயா."

"எவ்வளவு?"

"ரொம்ப."

"நேத்து தலைவலின்னு வந்தியே, அது எவ்வளவு?"

"அதுவும் ரொம்பத்தான்."

"அப்ப வயிறும் தலையும் ஒரே அளவா வலிக்குது."

"வலிக்குத் தராசா வச்சிருக்கேன்? லீவு குடுங்க லா ஐயா."

பலகையில் உட்கார்ந்திருப்பவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். தெர்மாமீட்டரை உதறி அந்த ஆளின் நாக்குக்கடியில் வைத்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். காய்ச்சல் இருந்தால் லீவு. இல்லையென்றால் பால் வெட்டப் போகவேண்டியதுதான். எங்கள் லயங்களில், அந்த வரிசை வீடுகளில், எல்லா வலியும் 'ரொம்ப'தான். பசியும் ரொம்ப, வெயிலும் ரொம்ப, மாமியார் தொல்லையும் ரொம்ப. எல்லாரும் எல்லாவற்றுக்கும் சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லில் கனமே இல்லாமல் போயிருந்தது. அவரைத் தப்பு சொல்லவும் முடியாது.

அப்பாவின் உள்ளங்கையைப் பால்வெட்டுக் கத்தி பிளந்தபோது அவர்தான் தைத்தார். ஒவ்வொரு தையலும் ஒரே இடைவெளியில் விழுந்திருந்தது. தழும்பு இன்றைக்கும் துணி மடிப்பில் ஓடும் நூல் மாதிரி இருக்கும். வாந்திபேதி வந்த ஆண்டில் லயத்துத் தண்ணீர்க் குழாயடியில் நாள் முழுக்க நின்று, கொதிக்கவைக்காமல் எவரும் குடிக்கக்கூடாது என்று கத்திக்கத்தித் தொண்டை கட்டிப்போனார். இதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் பதினாறு வயதில் படிவம் நான்கு படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு விடுமுறை நாளில் அந்தப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். மானேஜரின் ஜீப் வந்து நின்றது. வெள்ளைக்காரர்கள் போய் உள்ளூர்க்காரர் வந்துவிட்டபோதும் அவரையும் தொரை என்றுதான் சொன்னோம். அவர் ஜீப்பிலிருந்து இறங்கவில்லை. டிரஸ்ஸர் வெளியே போய்ப் பக்கத்தில் நின்றார். நோயாளிகளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகத் தோட்டத்து வேனை நீங்கள் பயன்படுத்துவது எக்ஸெஸிவாக இருக்கிறது என்றார் மானேஜர். குரலை உயர்த்தவில்லை. டிரஸ்ஸர் "யெஸ் சார்" என்றார். ஜீப் போனதும் எங்களைக் கடந்து உள்ளே போனார். காது நுனி சிவந்திருந்தது.

"தொரை என்னம்மா சொல்லிட்டுப் போறாரு?" என்று பக்கத்தில் இருந்தவர் என்னைக் கேட்டார். பலகையில் ஆங்கிலம் படித்தவள் நான் ஒருத்திதான்.

"வண்டிய அதிகமா அனுப்புறாராம்."

அப்படிச் சொன்னேனே தவிர அந்தச் சொல் எனக்குப் புதிது. ஈப்போவில் என் பள்ளி நூலகத்தில் பெரிய அகராதி ஒன்று இருந்தது. எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு புத்தகத்தைத் திறந்தவள் நான்தான் முதல். தேவையான அளவுக்கு, நியாயமான அளவுக்கு, வழக்கமான அளவுக்கு மேற்பட்டது என்று போட்டிருந்தது. மூன்று அளவுகள். எந்த அளவு என்று சொல்லவில்லை. அதை வைத்திருப்பது யார் என்றும் சொல்லவில்லை. குடி, மழை, புகழ்ச்சி, தண்டனை என்று எடுத்துக்காட்டுகள் வரிசையாக இருந்தன. அவற்றைப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. 'டூ மச்' என்பது பட்டவன் சொல்வது. இது பட்டவன் சொல்வது அல்ல, தள்ளி நின்று பார்ப்பவன் சொல்வது. வெட்டுப்பட்டவன் என் காயம் எக்ஸெஸிவாக இருக்கிறது என்று அலறமாட்டான். தமிழில் மிதமிஞ்சியது என்கிறோம். மிதம் எது என்று முடிவு செய்ய உரிமை உள்ளவர்தான் மிஞ்சியதைச் சொல்லமுடியும்.

இப்போது நான் இந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறேன். எடுத்துக்காட்டுக்கு மழையைத்தான் சொல்வது வழக்கம். மழையோடு நிறுத்திக்கொள்வேன்.

மானேஜரிடம் வாங்கிய சொல்லை டிரஸ்ஸர் எங்கள் பக்கம் திருப்பினார். தீபாவளி வெடிக்கு எக்ஸெஸிவ். கோயில் திருவிழா மேளத்துக்கு எக்ஸெஸிவ். இடுப்பு வலிக்கு இரண்டாவது முறை மருந்து கேட்டு வந்த பெண்ணுக்கும் அதேதான். மகனைப் பறிகொடுத்த ஒருத்தி ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த வீட்டு வாசலில் நின்று, தலையை ஆட்டி, அதையே முணுமுணுத்தார். பிள்ளைகள் அவர் சைக்கிள் வருவதைப் பார்த்தால் "எக்ஸெஸு வாராரு லா" என்று ஓடுவார்கள். வேன் பெரும்பாலும் கொட்டகையிலேயே நின்றது. டிரைவர் அதன் நிழலில் படுத்துத் தூங்கினார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிக் கெஞ்சியவர்களிடம், "நாளைக்குப் பாக்கலாம்" என்றார். பெரும்பாலும் நாளைக்கு அவர்களுக்குச் சரியாகிவிட்டது. அதுதான் அவருக்குத் தைரியத்தைக் கொடுத்திருக்க வேண்டும்.

அதே ஆண்டில் என் அக்கா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கட்டிக்கொடுத்ததும் அதே தோட்டத்தில்தான். இரண்டு லயம் தள்ளி. அப்போதும் பலர் வீட்டில்தான் பெற்றார்கள். மருத்துவம் பார்த்த முனியம்மாக்கா எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளை வெளியே எடுத்தவர்.

பிள்ளை பெற்ற வீட்டுக்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. தீட்டுத்துணி ஆண்கள் கண்ணில் படக்கூடாது. நாய் மோப்பம் பிடிக்கக்கூடாது. காக்கை மிதிக்கக்கூடாது. நனைந்த துணியை நனைந்த கையோடு அலசிவிட வேண்டும். அதைச் செய்வது பெற்றவளின் தாய். மகளின் துணி வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்பவள்தான் நல்ல தாய் என்று பெயர். பின்கட்டு வாய்க்காலில் அம்மா அன்று காலையிலிருந்து அலசிக்கொண்டே இருந்தாளாம். உள்ளே போவாள், சுருட்டிய துணியோடு வருவாள், அலசுவாள், பிழிவாள், கொடியில் போட்டு அதன்மேல் ஒரு பழைய சேலையை மூடுவாள்.

நான் பள்ளி முடிந்து பேருந்தில் வந்து இறங்கியபோது ஆண்பிள்ளை பிறந்திருந்தது. சந்தோஷமாக ஓடினேன். மணமாகாத பெண்ணை அந்த அறைக்குள் விடமாட்டார்கள். திரைச்சீலையை விலக்கி அக்காவின் முகத்தை மட்டும் பார்த்தேன். உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. "அக்கா" என்றேன். கண்ணைத் திறந்து, "பஸ்ஸு வந்திருச்சா?" என்றாள். மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும் அதையே கேட்டாள்.

அம்மாவிடம் ஓடினேன். வாய்க்காலில் குனிந்திருந்தாள். தண்ணீர் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. "அலட்டாத. உன்னப் பெத்தப்ப எனக்கும் இப்படித்தான்" என்றாள். அதற்குமேல் நான் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் மருந்து அலமாரியைப் பூட்டிக்கொண்டிருந்தார். தமிழில் சொன்னால் ரொம்ப என்றுதான் வரும். அது அவர் காதில் ஏறாது. ஆங்கிலத்தில் சொன்னேன். அக்காவுக்கு உதிரப்போக்கு எக்ஸெஸிவாக இருக்கிறது சார்.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ பாத்தியா?"

"முகம் வெளுத்துப் போயிருக்கு. கூப்பிட்டா கேட்டதையே கேக்குது."

"நான் அதக் கேக்கல. ரத்தத்தப் பாத்தியா?"

"உள்ள விடமாட்டாங்க சார்."

"பாக்காதவங்க அந்த வார்த்தையச் சொல்லக்கூடாது தங்கச்சி. அளவு தெரிஞ்சாத்தான் மீறிப்போச்சான்னு சொல்ல முடியும்."

என் ஆங்கிலத்தை அவர் திருத்திக்கொண்டிருந்தார். ஆனாலும் பையை எடுத்தார். கிளிப்பை மாட்டினார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே என்னோடு வந்தார்.

தீட்டு வீடு என்பதால் நடைவாசலிலேயே நின்றார். அம்மா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். கை ஈரமாக இருந்தது.

"எவ்வளவு போச்சும்மா?"

அம்மா தரையைப் பார்த்தாள். அன்னிய ஆணிடம் மகளின் உதிரத்தைப் பற்றி என்னவென்று சொல்வாள்? "எல்லாருக்கும் போறதுதான் ஐயா."

"அதிகமா போகுதா?"

"பச்சை உடம்பு. போகத்தானே செய்யும்."

"துணியெல்லாம் எங்க?"

இதற்கு முனியம்மாக்கா உள்ளேயிருந்து பதில் சொன்னார். "என்னாய்யா கேள்வி இது? ஆம்பள கேக்குற கேள்வியா? அதெல்லாம் அலசிப் போட்டாச்சு."

அவர் பின்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். மூடியிருந்த சேலை காற்றில் விலகிக் கிடந்தது; கொடி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிறைந்திருந்தது. ஒரு பிரசவத்துக்கு அத்தனை துணியா என்று கேட்டிருந்தால் போதும். ஆனால் துணிகள் சுத்தமாக இருந்தன. ஒன்றிலும் ஒரு கறை இல்லை. அம்மா அவ்வளவு நன்றாக அலசியிருந்தாள்.

திரைவரை மட்டும் வந்து, அக்காவின் கையை வெளியே நீட்டச் சொல்லி நாடி பார்த்தார். இரண்டாவது முறையும் பார்த்தார். ஊசி ஒன்று போட்டார். பிறகு பையை மூடினார். மூடிய பையின் மேல் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். வேனைப் பற்றித்தான் யோசிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அந்த வாரம் ஒருவரை ஏற்கெனவே அனுப்பியிருந்தார்.

"வேன் சொல்லுங்க சார்" என்றேன்.

"இப்ப அவசியம் இல்ல. சாயங்காலம் வாரேன்." பிறகு, எங்களில் யாருக்கும் இல்லாமல், அங்கே இல்லாத யாருக்கோ பதில் சொல்வதுபோல, "நாட் எக்ஸெஸிவ்" என்றார்.

சொன்ன நேரத்துக்கு முன்பே வந்தார். சைக்கிளை நிறுத்தாமல் கீழே போட்டுவிட்டு வந்தார். அதற்குள் அக்காவுக்குப் பேச்சு நின்றிருந்தது. இந்த முறை தீட்டு பார்க்கவில்லை. நேராக உள்ளே நுழைந்தார். அக்காவைத் தூக்கியபோது அவள் அடியில் இருந்த கம்பளியும் பாயும் சேர்ந்து எழும்பின. பலகைத் தரை கறுத்து ஒட்டியது. ஒருவர் கண்ணுக்கும் படாமல் அம்மா காத்துவந்தது எல்லாம் அங்கே இருந்தது. அவர் பார்த்தார். நானும் பார்த்தேன். அப்போது எங்கள் இருவருக்கும் அந்தச் சொல்லைச் சொல்லத் தகுதி வந்துவிட்டது. இருவரும் சொல்லவில்லை.

வேனில் அவரே அக்காவின் தலையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். கோப்பெங் சடக்கில், அந்தப் பெரிய தார் ரோட்டில், ஏறுவதற்குள் வேன் திரும்பிவந்தது.

காரியம் முடிந்த மறுநாள் அவர் எங்கள் வீட்டு முன்னால் வந்து நின்றார். ஒருவரும் உட்காரச் சொல்லவில்லை. அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அம்மா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரோடு சாய்ந்திருந்தாள். முனியம்மாக்காவும் இருந்தார்.

"இனிமே பிள்ளை பெத்த வீட்டுல எதையும் அலசக்கூடாது. எனக்குக் காட்டின பிறகுதான் அலசணும்" என்றார்.

"பொம்பள தீட்டுத்துணிய உங்கிட்ட கொண்டாந்து விரிச்சுக் காட்டணுமா?" முனியம்மாக்கா எழுந்துவிட்டார். "ஒரு உசுரு போனது பத்தல, மானமும் போகணுமா?"

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். நிமிரவில்லை. அவர் திரும்பிப் போய்விட்டார். அவர் சொன்னதை அன்று லயமே பேசியது. "இந்த ஆளுக்குக் கூறு கெட்டுப்போச்சு லா. இது ரொம்ப அதிகம்." அளவு பார்த்தே வாழ்ந்த மனிதரைப் பற்றி முதல்முறையாக ஊர் அப்படிச் சொன்னது.

பக்கத்து வீட்டு ராஜம்மாவுக்கு அடுத்து வலி எடுத்தது. மதியத்துக்குமேல் பெண்குழந்தை பிறந்தது. அம்மா அக்காவின் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு அங்கே போனாள். மகள் செத்த வீட்டிலிருந்து வருகிறவள் என்று சிலர் முகம் சுளித்தார்கள். அம்மா போய் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டாள். முனியம்மாக்கா ஒரு பேசினில் துணிகளைப் போட்டு, மேலே ஒன்றை மூடி, பின்கட்டுக்குக் கிளம்பினார். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது தடவை கிளம்பினார். அம்மா எழுந்து பேசினைப் பிடித்தாள்.

"விடு. அவ ஆத்தா அலசுவா."

"ஒன்னும் அலச வேணாம்."

"பைத்தியமா ஒனக்கு? விடு."

அம்மா பிடுங்கிக்கொண்டாள். நான் எங்கள் வாசலில் பிள்ளையோடு நின்றிருந்தேன். பேசினை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் முன்வாசல் வழியாக இறங்கினாள். மூடியிருந்த துணி நழுவி விழுந்ததை எடுக்கவில்லை. வேலை முடிந்து வந்த ஆண்கள் குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் காறித் துப்பினார். என் அப்பாவும் அங்கே சோப்பும் கையுமாக நின்றிருந்தார். அம்மா அவரையும் கடந்து போனாள். நான் பின்னால் போனேன்.

டிரஸ்ஸர் மேசையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அம்மா பேசினை அவருக்கு முன்னால் வைத்தாள். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை.

"பாருங்க."

அவர் எழுந்தார். பார்த்தார். பென்சில் முனையால் ஒரு துணியைத் தூக்கினார். அடியில் கட்டியாக இருந்தது. அவர் முகத்தில் வேர்த்தது.

"எவ்வளவு நேரமா?"

"மணிக்கணக்கு எனக்குத் தெரியாது. இது ரெண்டாவது பேசின்."

அக்கா செத்த பிறகு, தன்னைக் கேட்காமல் வேன் கொட்டகையை விட்டு வெளியே வரக்கூடாது என்று மானேஜர் சொல்லியிருந்தார். அன்று அவர் ஈப்போவுக்குப் போயிருந்தார். டிரைவர் அதைச் சொன்னார். "தொரை வரட்டும் ஐயா. எனக்கு வேலை போயிரும்."

"சாவிய எடு."

"நீங்க சொன்னீங்கன்னு சொல்லிருவேன்."

"சொல்லு."

ராஜம்மாவைப் பத்துகாஜா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்தாள். அந்த மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். டிரஸ்ஸரை அந்த மாதமே சுங்காய்ப் பக்கம் வேறொரு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். லாரியில் கட்டில், பெட்டி, சைக்கிள் எல்லாவற்றையும் அவரே ஏற்றினார். வழியனுப்ப எவரும் போகவில்லை. ராஜம்மா வீட்டாரும் போகவில்லை. பெண்களின் துணியைப் பார்த்த ஆண் என்ற பேச்சு அவர்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் செத்துவிட்டார் என்று பிறகு ஒருவர் சொன்னார். இல்லை, தைப்பிங்கில் மகன் வீட்டில் இருக்கிறார் என்றார் இன்னொருவர். நான் விசாரிக்கவில்லை.

வேன் போன அன்று ராஜம்மாவின் துணிகளை அம்மாதான் அலசினாள். தோட்டத்து ஆஸ்பத்திரிக் குழாயிலேயே, எல்லாரும் பார்க்க, உட்கார்ந்து அலசினாள். டிரஸ்ஸர் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு சடக்கைப் பார்த்து நின்றிருந்தார். அவர் காதில் விழும் என்று தெரிந்தே நான் கேட்டேன்.

"அவர் மேல இருந்த கோவம் போயிடுச்சாம்மா?"

அம்மா துணியைப் பிழிந்தாள். தண்ணீர் சிவப்பாகக் கொட்டியது. தெளியும்வரை பிழிந்துகொண்டிருந்தாள்.

"எங்க போகும்? காட்டினா அனுப்புற மனுசன்தான். உங்கக்காவுக்கு நான் காட்டல."